உருப்படி நாற்பத்து மூன்று

பொன்னிவளக் கலைக் கல்லூரியின் விடுதிக்கு 1972 ஐப்பசி மழையோடு காலராவும் வந்தது. ஒன்பது பேர் படுத்தார்கள். எட்டுப் பேர் எழுந்தார்கள். எழாதவன் பெயர் குஞ்சிதபாதம், கணிதம் இரண்டாம் ஆண்டு. அவனுடைய தகரப் பெட்டியில், அவன் காலரா தடுப்பூசி போட்டுக்கொண்டதாகக் கல்லூரி கொடுத்த சான்றிதழ் இருந்தது. அந்த ஆண்டு கல்லூரிக்குச் சான்றிதழ்கள் அச்சாகி வந்திருந்தன. மருந்து வரவில்லை.

காரணம் கண்டறிய ஐந்து பேராசிரியர்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அது பதினோரு முறை கூடியது. பதினோரு முறையும் மெதுவடை வரவழைத்தது. அறுபது பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. இறந்த மாணவனின் சான்றிதழ் மெல்லிய தாளில் அச்சிடப்பட்டிருந்தது என்றும், மழை ஈரத்தில் முத்திரை கலைந்து அது செல்லாத நிலைக்குப் போயிருந்தது என்றும் குழு கண்டறிந்தது. இனிமேல் கெட்டித் தாளில் அச்சிட வேண்டும், முதல்வர் பச்சை மையில் இரண்டு இடங்களில் கையெழுத்திட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

முதல்வர் ரெங்கசாமி அறிக்கையை மாணவர் கூட்டத்தில் வெளியிட்டார். மேடைத்தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"மாணவச் செல்வங்களே, ஊசி மருந்து உடம்புக்குள் போய்விடும். போனபின் அதை யாரும் பார்க்க முடியாது. சான்றிதழை எந்நாளும் எடுத்துப் பார்க்கலாம். எது நிலையானது என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன். தம்பி குஞ்சிதபாதம் நம்மை விட்டுப் போய்விட்டான். அவனுடைய கோப்பு நம்மிடம் பத்திரமாக இருக்கிறது."

கைதட்டல் நீண்ட நேரம் இருந்தது. தட்டாதவன் வேம்பு. குஞ்சிதபாதத்தின் அறைத் தோழன். அவனைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் மடியில் கிடத்திப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். அங்கே உப்புநீர் பாட்டிலை மாட்டிக்கொண்டே நர்ஸம்மா கேட்டது அவனுக்கு மறக்கவில்லை.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஊசி போட்டுட்டுப் போயிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதேப்பா. பதினோராம் நம்பர் அறையில தினமும் சும்மாதானே போடுறோம். எம்பது பேரு ஒரே கிணத்துத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு ஒரே கக்கூஸுக்குப் போறீங்க. காலேஜ்ல இதக்கூடவா சொல்லித்தர மாட்டாங்க?"

அதிலிருந்து வேம்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதினோராம் அறைக்கு நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டான். கல்லூரியில் அப்படிச் செய்தவன் அவன் ஒருவன்தான். அதனால்தான் அவன் மாட்டிக்கொண்டான்.

1974 தை மாதம் அறிவிப்புப் பலகையில் விதி 14 (ஆ) ஒட்டப்பட்டது. தடுப்பூசியை உரிய காலத்தில் புதுப்பித்து வைத்திருக்காத மாணவருக்குப் பல்கலைக்கழகத் தேர்வுக்கான நுழைவுச் சீட்டு வழங்கப்படமாட்டாது. மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகும் வேம்பு தன் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு தலைமை எழுத்தர் மீரா சாகிப்பிடம் போனான். அதிராம்பட்டினத்துக்காரர், இருபத்திரண்டு வருடமாக விதிகளைப் படித்துப் படித்து, எதற்கும் ஆச்சரியப்படாத முகம்.

"இது ஆஸ்பத்திரிச் சீட்டு, தம்பி."

"ஆமாங்க. மூணு தடவை போட்டிருக்கேன்."

"போட்டதைப் பத்தி இங்க யாரும் சந்தேகப்படல. முந்தின பதிவு எங்க?"

"முந்தின பதிவுன்னா?"

"விதி என்ன சொல்லுது? புதுப்பிக்கணும்னு சொல்லுது. புதுப்பிக்கணும்னா பழசு ஒண்ணு இருக்கணும்ல? காலேஜ்ல சேர்றதுக்கு முந்தி ஊர்ல போட்ட ஊசி. அந்தப் பதிவேட்டு நகல் வேணும். நீ மூணு தடவையும் புதுசாவே போட்டிருக்கே. ஒரு தடவைகூடப் புதுப்பிக்கல."

"மத்தவங்கல்லாம்?"

"அவங்க ஊசியே போடலியே. பழசும் புதுசும் காகிதத்துலயே இருக்கு. அவங்களுக்கு ஒரு சிக்கலும் இல்ல."

வேம்புவின் ஊர் கொற்றவாய்க்கால். 1971 தை அறுவடையின்போது அங்கே காலரா ஊசி போட்டார்கள். ஊசி போட்டதில் ஒரு வழக்கம் இருந்தது. ஊசிக்காரர் வந்தால் மிராசுதார் பஞ்சநதத்தின் பெரிய வீட்டில் இறங்குவார்; அவருக்கு இலை போடுவார்கள். பண்ணை ஆட்களைத் தெருவிலிருந்து களத்துக்கு வரச்சொல்லி வரிசையாக நிறுத்திப் போடுவார். அந்தத் தெருவின் தோலில் ஏறிய ஊசி எத்தனை முறை கொதித்தாலும் பெரிய வீட்டுத் தோலில் ஏறக்கூடாது என்பது ஏற்பாடு. ஆகவே பெரிய வீட்டாருக்கு ஊசி கிடையாது. பெயர்களை மட்டும் தகப்பன் பெயரோடும் வயதோடும் எழுதிக்கொள்வார். தெருவாருக்கு ஊசி உண்டு, பெயர் கிடையாது.

சுகாதார அலுவலகத்தில் நான்கு நாள் நின்று வேம்பு வாங்கிவந்த நகலில் அது அப்படியே இருந்தது. மேலே மிராசுதார் குடும்பத்தார் எட்டுப் பேர். கீழே ஒரே வரி: "மேற்படியார் பண்ணைக் குடியிருப்பு ஆட்கள், உருப்படி 43."

மீரா சாகிப் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இதுல நீ எங்க இருக்கே?"

"நாப்பத்து மூணுக்குள்ள."

"எத்தனாவது?"

"எங்கம்மாவுக்குப் பின்னாடி நின்னேங்க."

"அது பதிவேட்டுல இல்லியே. உருப்படின்னு எழுதியிருந்தா, உருப்படிக்கு உடையவர்தான் பேர் சொல்லணும். ஆடு தொலைஞ்சா ஆட்டுக்காரன்தானே அடையாளம் சொல்லணும்? கோவிச்சுக்காதே. மிராசுதார்கிட்ட நாப்பத்து மூணு பேருக்கும் பேர் எழுதி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. நம்ம கமிட்டித் தலைவர்தானே."

கமிட்டித் தலைவர் என்பது சரிதான். பஞ்சநதம்தான் கல்லூரி நிர்வாகக் குழுவின் தலைவர். அவருடைய மகள் மங்களாம்பிகை வேம்புவோடு அதே ஆண்டில் படித்தாள். அவளுடைய முந்தின பதிவு அதே பக்கத்தில் ஆறாவது பெயராக, பிழையில்லாமல், இருந்தது.

ஆனால் அந்தக் கையெழுத்தில் வேறொரு சங்கடம் இருந்தது. மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டு அவருக்கே உழைத்துவந்தவர்களுக்கு அந்தக் குடியிருப்பு மனை சொந்தம் என்று அரசு சட்டம் போட்டிருந்தது. 1971 ஜூனில் அங்கே குடியிருந்ததைக் காட்டினால் போதும். வேம்புவின் அப்பா அரசப்பனும் தெருவாரும் மனுக் கொடுத்தார்கள். இப்படி யாரையும் தனக்குத் தெரியாது, இவர்கள் தன் பண்ணையில் வேலை பார்த்ததே இல்லை, போன வருடம் எங்கிருந்தோ வந்து புறம்போக்கு என்று நினைத்துக் குடிசை போட்டவர்கள் என்று பஞ்சநதம் தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். தெருவாரிடம் மறுப்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பங்குனியில் கடைசி விசாரணை. தோற்றால் குடிசைகளைப் பிரித்துவிடுவார்கள்.

வேம்பு முதல்வரின் சிபாரிசுக் கடிதத்தோடு பெரிய வீட்டு வாசலில் போய் நின்றான். பஞ்சநதம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்தார்.

"காலேஜ் படிக்கிற புள்ளையாப் போயிட்டே. அதனால 'டா' போடல. உங்கப்பன் யாருன்னே எனக்குத் தெரியாதுன்னு தாசில்தார் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன். தெரியாதவன் மகனுக்கு ஊசி போட்டேன்னு நான் எப்படி எழுதுறது? நீயே சொல்லு, நியாயமா இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப போயிட்டு வா. உங்கப்பாவை விசாரிச்சேன்னு சொல்லு."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். அரசப்பன் மண்வெட்டிக் காம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அம்மா காத்தாயி கருவாட்டை ஆய்ந்தபடியே சொன்னாள்.

"தெரியாதாமா? அந்த ஆளு கல்யாணத்துக்கு மூணு நாளு நெல்லு குத்தினவ நான். கை காப்புக் காய்ச்சிப் போச்சு. கேட்டாத் தெரியாதும்பாரு. கேக்குற விதமாக் கேக்கணும். மாலையப் போட்டு, மைக்கக் கையில குடுத்துப் பாரு. செத்துப்போன மாட்டோட பேரு மொதக்கொண்டு சொல்லுவாரு."

வேம்பு சாப்பிடாமல் எழுந்து போய் ஒரு விண்ணப்பம் எழுதினான்.

விண்ணப்பத்தைப் படித்த முதல்வர் ரெங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கமிட்டித் தலைவர் தம் பண்ணை ஆட்கள் நாற்பத்து மூவருக்கும் கல்லூரி விதி போடுவதற்கு முன்னரே தடுப்பூசி போடவைத்த தகவல் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கிறது என்றும், இத்தகைய பெருந்தகையை மாணவர் உலகம் அறியாதிருப்பது நன்றிகெட்ட செயல் என்றும், தடுப்பூசிப் புதுப்பிப்பு விழா எடுத்து அவரைப் பாராட்ட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

"இந்தச் சிந்தனை எனக்கு ஏன் வரவில்லை?" என்று முதல்வர் கேட்டார்.

விழாக்குழு, வரவேற்புக்குழு, பந்தல்குழு, தோரணவாயில் துணைக்குழு ஆகியவை அன்றே அமைக்கப்பட்டன. ஊசிக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. அதன் வேலை ஊசி படம் போட்ட பதாகை எழுதுவது. பஞ்சநதத்துக்கு 'நோய் தடுத்த நாவலர்' என்று பட்டம் தரலாம் என்றார் தமிழ்த்துறைத் தலைவர். அவர் பேச்சாளர் இல்லையே என்று ஒருவர் ஐயம் எழுப்பினார். விழா முடிவதற்குள் ஆகிவிடுவார் என்று ஐயம் தீர்க்கப்பட்டது.

விழாவன்று மூன்று தோரணவாயில்கள் இருந்தன. மருந்துப் பெட்டி என்று எழுதிய பனிக்கட்டிப் பெட்டியை நான்கு மாணவர்கள் ஊர்வலமாகத் தூக்கிவந்தார்கள். அதில் விருந்தினர்களுக்கான சோடா இருந்தது. மேடையில் ஒரு மாணவனுக்கு மாதிரி ஊசி போட்டுக் காட்டினார்கள். புகைப்படக்காரர் ஊசி தெரியவில்லை என்றதால் மூன்று முறை குத்தினார்கள். மருந்து எதுவும் ஏற்றவில்லை என்பதால் மூன்று முறை குத்தியதில் தவறில்லை என்று உடற்பயிற்சி ஆசிரியர் விளக்கினார். கெட்டித் தாளில் அச்சான முதல் சான்றிதழை முதல்வர் தமக்கே வழங்கி, தாமே கைதட்டித் தொடங்கிவைத்தார்.

சிறப்பு விருந்தினர் தாசில்தார் முகம்மது யூசுப். தெருவாரின் மனுவை விசாரித்துவருபவர் அவர்தான். கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த சோடாவைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பஞ்சநதத்துக்கு ஆளுயர மாலை போட்டார்கள். செப்புக் கேடயம் கொடுப்பதற்கு முன், ஊசி போடப்பட்டவர்களின் பட்டியலை விழாச் செயலாளர் வாசிப்பார் என்று முதல்வர் அறிவித்தார். விழாச் செயலாளர் வேம்பு. அவன் ஒலிபெருக்கி முன் நின்று, பஞ்சநதம் சொல்வதாக எழுதியிருந்த முகப்பு வரியிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தான்.

"1971 தை மாதத்தில் என் பண்ணை மனைகளில் குடியிருந்து, என் நிலத்தில் வேலை செய்துவந்த கீழ்க்கண்ட நாற்பத்து மூன்று பேருக்கும் என் முயற்சியால் தடுப்பூசி போடப்பட்டது. அரசப்பன். காத்தாயி. ராசம்மாள். ரெத்தினம்..."

ஒவ்வொரு பெயருக்கும் மாணவர்கள் கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் பஞ்சநதம் தலையசைத்தார். பத்தாவது பெயருக்குள் மாலை தன் வேலையைச் செய்துவிட்டது. ஒலிபெருக்கியைத் தாமே வாங்கிக்கொண்டார்.

"சும்மா பேர் படிச்சா ஆகுமா? இந்த அரசப்பன் இருக்கானே, எங்கப்பா காலத்து ஆளு. எங்க வாய்க்கால்ல மடை கட்டுறதுக்கு அவனை விட்டா ஆள் கிடையாது. காத்தாயி அவன் பொண்டாட்டி. ராசம்மாள் நடவுக்கு முத ஆளா இறங்குவா. ஒருத்தனும் வெளியூரான் இல்ல. மூணு தலைமுறையா என் மண்ணுல இருக்கிறவங்க. அவங்கள என் புள்ளைங்க மாதிரி வச்சிருக்கேன். அன்னைக்கு ஊசிக்குப் பயந்து ஓடினாங்க. நான்தான் களத்துல நாற்காலி போட்டு உக்காந்து, கங்காணிய விட்டுப் புடிச்சாந்து போடவச்சேன்."

"நாப்பத்து மூணு பேரையும் உங்களுக்கு நேர்ல தெரியுமா?" என்று தாசில்தார் கேட்டார்.

"தெரியாம? ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

பட்டியலில் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக முதல்வர் பச்சை மையில் இரண்டு இடங்களில் போட்டார். மீரா சாகிப் முத்திரை வைத்தார்.

மறுநாள் வேம்பு நுழைவுச் சீட்டை வாங்கிக்கொண்டு, பட்டியலுக்கு உண்மை நகல் மூன்று கேட்டான்.

"மூணா? ஒண்ணு கோப்புக்கு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு?"

"தாசில்தார் ஆபீஸுக்குங்க."

மீரா சாகிப் முத்திரையை எடுத்தார். பிறகு நான்காக எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணு கைவசம் இருக்கட்டும். காகிதம் தொலையிற ஊரு இது."

பங்குனி விசாரணைக்குத் தெருவில் இருந்த அத்தனை பேரும் போனார்கள். கல்லூரி ஆவணம் என்பதால் முதல்வரையும் தலைமை எழுத்தரையும் தாசில்தார் சாட்சியாக அழைத்திருந்தார். பஞ்சநதத்தின் வக்கீல் பட்டியலை ஒரு விரலால் தள்ளினார்.

"மாலை மரியாதைக்காகப் போட்ட கையெழுத்து இது. இதற்கு ஆதாரம் ஊசிப் பதிவேட்டின் ஒரு பக்கம். அந்தப் பக்கமே பொய். அன்றைக்குக் கொற்றவாய்க்காலில் யாருக்கும் ஊசி போடவில்லை."

"யாருக்குமே?" என்று தாசில்தார் கேட்டார்.

"யாருக்குமே."

அரசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். தெருவார் அனைவரின் கண்ணும் வேம்பு மேல் இருந்தது. அவன் மீரா சாகிப்பைப் பார்த்தான். மீரா சாகிப் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தப் பக்கம் பொய்னா எங்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்குங்க, ஐயா."

"என்ன வேலை?"

"அதே பக்கத்துல மேல எட்டுப் பேர் இருக்காங்க. ஆறாவது பேரு எங்க மாணவி மங்களாம்பிகை, ஐயாவோட பொண்ணு. பக்கம் பொய்னா அந்தப் பொண்ணுக்கு முந்தின பதிவு இல்லைன்னு ஆவுது. விதி பதினாலு ஆ. நுழைவுச் சீட்ட இன்னைக்கே திருப்பி வாங்கிறணும். பரீட்சைக்கு இன்னும் ஒம்போது நாளுதான் இருக்கு. ஒரு வருசம் போயிரும்."

பஞ்சநதம் முதல்வர் பக்கம் திரும்பினார். "ரெங்கசாமி, நான் உங்க கமிட்டித் தலைவர்."

முதல்வர் எழுந்தார். எழுந்ததும் அவருக்கு மேடைத்தமிழ் வந்துவிட்டது.

"ஐயா அவர்கள் மேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் ஒரு பக்கம் பொய் என்று நாம் ஒப்புக்கொண்டால், கல்லூரி வழங்கிய எண்ணூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். பார்த்தால், ஒருவருக்குக்கூட ஊசி போடவில்லை என்பது வெளியே வந்துவிடும். ஒரு மாணவன் ஏற்கெனவே இறந்துமிருக்கிறான். ஆகவே கல்லூரியின் நற்பெயரைக் காக்க..."

அறையில் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதல்வர் அந்தப் பக்கம் திரும்பினார். தாசில்தாரின் குமாஸ்தா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"நற்பெயரைக் காக்கன்னு சொன்னதுக்கு அப்புறம் என்னங்க?" என்று குமாஸ்தா கேட்டார். "அதுவரைக்கும் எழுதிட்டேன்."

முதல்வர் உட்கார்ந்தார். ஒரு பொதுவிழாவில்கூட அவர் இவ்வளவு சுருக்கமாக முடித்ததில்லை. அந்த வாக்குமூலத்தின் நகல் பின்னர் குஞ்சிதபாதத்தின் தகப்பனார் கைக்குப் போய், அவர் வழியாகக் கல்வித்துறைக்குப் போனது. அடுத்த ஆண்டு கல்லூரிக்கு வேறு முதல்வர் இருந்தார்.

தாசில்தார் பஞ்சநதத்தைப் பார்த்தார்.

"பக்கம் பொய்யா, உண்மையா? ஒண்ணு சொல்லுங்க. ரெண்டையும் சேர்த்து எழுத எனக்கு வழியில்லை."

பஞ்சநதம் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் பேனா மூடியைத் தேடினார்.

"உண்மைதான்."

"மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா?"

"எல்லாம்."

"அரசப்பனைத் தெரியுமா?"

பின்னாலிருந்து காத்தாயியின் குரல் வந்தது. "மாலை வேணும்னா வாங்கியாரச் சொல்லட்டுங்களா?"

அமைதியாக இருக்கும்படி தாசில்தார் சொன்னார். சொல்லும்போது குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். பஞ்சநதம், தெரியும் என்றார். மனைகள் அவர்களுக்கே என்ற உத்தரவு அன்று மாலையே எழுதப்பட்டது. இந்த முறை ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியாக, தகப்பன் பெயரோடு எழுதப்பட்டது. அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது.

வெளியே பெரிய வீட்டுக் கார் பக்கத்தில் மங்களாம்பிகை நின்றிருந்தாள். வேம்பு படி இறங்கி வந்ததும் இரண்டடி முன்னால் வந்தாள். மூன்று வருடத்தில் அவள் அவனோடு பேசியது அதுவே முதல் தடவை.

"எங்க வீட்ல ஒருத்தருக்கும் அந்த ஊசி போட்டதே இல்ல."

"தெரியுங்க."

"குஞ்சிதபாதம்கிட்டயும் என்கிட்ட இருக்கிற மாதிரிச் சீட்டுதானே இருந்துச்சு?"

"அவனுது மெல்லிசு. உங்களுது கெட்டித் தாள்."

அவள் அதற்குக் கோபப்படவில்லை. "எங்க போடுறாங்க?" என்று கேட்டாள்.

"பெரியாஸ்பத்திரி. பதினோராம் நம்பர் அறை. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு. எங்க தெரு மொத்தமும் அன்னைக்குத்தான் போவுது. வரிசையில நிக்கணும்."

"அப்பா பேரைச் சொன்னா நேரா உள்ள விடுவாங்கள்ல?"

"விடுவாங்க. பேரை மட்டும் எழுதிக்கிட்டு அனுப்பிருவாங்க. ஊசி வேணும்னா வரிசையில நில்லுங்க."

திங்கட்கிழமை அவள் கார் இல்லாமல் வந்தாள். காத்தாயிக்குப் பின்னால் ஒன்றேகால் மணி நேரம் நின்றாள். காத்தாயிக்குக் கொதிக்கவைத்து எடுத்த ஊசியை மறுபடி கொதிக்கவைத்து அவளுக்குப் போட்டார்கள். எல்லோருக்கும் வீங்குவதுபோல அவளுக்கும் கை இரண்டு நாள் வீங்கியிருந்தது.